ஆறாமீனும் அருந்ததியும்: விண்மீன் தொன்மங்களின் சமூக அடிப்படை பற்றிய ஒரு நோக்கு

1

வானியல் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வானத்தை மாத்திரமே நோக்குகின்றனர். தொன்மங்களை ஆராய்வோர் பெரும்பாலும் ஏடுகளை மாத்திரமே நோக்குகின்றனர். விண்மீன்களுக்குப் பெயர் சூட்டிய மனிதர் எத்தொழில் செய்தனர், எத்தகைய குடும்ப அமைப்பில் வாழ்ந்தனர், எவருக்கு அடங்கியிருந்தனர் என்னும் வினாக்கள் இவ்விரு சாராராலும் போதிய அளவு எழுப்பப்படவில்லை. இவ்வினாக்களைத் தமிழர் நன்கறிந்த சில விண்மீன்களைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்வுக்குக் கொழும்பு ஜிந்துப்பிட்டியைக் களமாகக் கொள்வது பொருத்தமுடையது. துறைமுகத்தை அண்டிய இப்பகுதியின் சமூக வரலாறு துறைமுகத்தின் வரலாற்றோடு பிணைந்தது. 1875இல் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டு 1885இல் அவ்வேலை நிறைவெய்திய பின்னர், காலியின் இடத்தைக் கொழும்பு பெற்றது. தென்னிந்தியாவிலிருந்து வந்த கூலித் தொழிலாளரும் சிறுவணிகரும் துறைமுகத்தைச் சூழவிருந்த தெருக்களிற் குடியேறினர். அருகிலுள்ள செட்டியார் தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டிமார் கதிரேசன் கோயில்களை எடுத்தனர். ஜிந்துப்பிட்டியிலோ சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் நிலைபெற்றது. ஆக, வட்டிக்குப் பணங்கொடுத்தவரும் மூட்டை சுமந்தவரும் ஒரே தெய்வத்தையே வழிபட்டனர். அத்தெய்வம் ஆறு விண்மீன்களாற் பாலூட்டி வளர்க்கப்பட்ட தெய்வமாகும்.

இப்பகுதியில் இன்று விண்மீன்கள் இரு வகையில் வழங்குகின்றன. ஒன்று, கோயிலிற் சொல்லப்படும் கதை. மற்றொன்று, கலியாணப் பேச்சில் எடுத்துப் பார்க்கப்படும் சாதகம். இவ்விரண்டிற்கும் முந்திய மூன்றாவது வழக்கொன்று இருந்தது. அது உழைப்போனின் மணிக்கூடாகவும் நாட்காட்டியாகவும் விண்மீன் பயன்பட்ட வழக்காகும். அம்மூன்றாவது எவ்வாறு மறைந்தது, அதன் இடத்தை ஏனைய இரண்டும் எவ்வாறு பற்றிக்கொண்டன என்பதே எமது வினா. உழைப்பிற் பிறந்த வானறிவு, தனியுடைமையும் தந்தைவழிக் குடும்பமும் வலுப்பெற்ற காலத்தில் அக்குடும்பத்தின் சட்டநூலாக மாற்றப்பட்டது என்பதே யாம் இங்கு நிறுவ முற்படும் கருத்து.

2

மேய்ச்சலும் வேளாண்மையும் செய்த மக்களுக்குப் பருவங்களை அறிதல் இன்றியமையாத தேவையாயிருந்தமையால் வானியல் முதலிற் றோன்றியது என்று ஏங்கெல்ஸ் கூறுவார். இதற்குச் சான்று பல நாடுகளிலும் கிடைக்கின்றது. கிரேக்கப் புலவர் ஹெசியொட் தமது 'வேலைகளும் நாட்களும்' என்னும் நூலில், கார்த்திகைக் கூட்டம் விடியலில் எழும்போது அறுவடையையும், அது மறையும்போது உழவையும் தொடங்குமாறு உழவனுக்கு அறிவுரை கூறுகின்றார். கார்த்திகை மறையும் காலத்திற் கடலோடலாகாது என்று எச்சரிப்பவரும் அவரே. அங்கே விண்மீன் எவரையும் வாழ்த்தவுமில்லை, சபிக்கவுமில்லை. வேலைக்குரிய வேளையை அது அறிவித்தது.

தமிழில் இக்கூட்டம் அறுமீன் எனவும் ஆரல் எனவும் சங்க நூல்களில் வழங்கியது. ஈழத்துப் பேச்சு வழக்கில் அது ஆறாமீன். பெயரே எண்ணிக்கையாலமைந்தது என்பது கவனிக்கத்தக்கது. கூர்ந்த கண்ணுக்கு ஆறு புள்ளிகள் தெரிகின்றன, ஆதலால் ஆறாமீன் என்றனர். பெயரிட்டவர் முதலிற் செய்தது கண்டதை எண்ணியதே. கதை பின்னரே வந்தது. இன்றைய வானியல் அக்கூட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் உள்ளன எனவும், அது ஏறத்தாழ 440 ஒளியாண்டுத் தொலைவிலுள்ளது எனவும் காட்டியுள்ளது.

வானம் மணிக்கூடாகப் பயன்பட்டமைக்குப் புறநானூற்று 229ஆம் செய்யுளினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. சேரமன்னன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் மறைவைப் பாடும் கூடலூர் கிழார், ஒரு பங்குனி இரவில் எரிமீன் வீழ்ந்த வேளையை மீன்களின் நிலையாற் குறிக்கின்றார். பழைய உரையின்படி, உத்தரம் உச்சியினின்று சாயவும், மூலம் கிழக்கே எழவும், மிருகசீரிடம் மேற்கே தாழவும் அம்மீன் வீழ்ந்தது. இன்றைய விண்மீன் அட்டவணையை வைத்து இதனைச் சரிபார்க்கலாம். உத்தரத்துக்கும் மூலத்துக்கும் இடையே ஏறத்தாழ ஆறு மணி நேரம், உத்தரத்துக்கும் மிருகசீரிடத்துக்கும் இடையே மேலும் ஏறத்தாழ ஆறு மணி நேரம். எனவே ஒன்று உச்சியில் நிற்க, மற்றொன்று எழ, பிறிதொன்று மறைதல் வானில் உண்மையாகவே நிகழ்வதாகும். இது கற்பனையன்று, அவதானம். வீழ்ந்த மீனை மன்னனது சாவுக்குக் குறியாகக் கொண்டமை அக்கால நம்பிக்கை. ஆனால் மூலம் அங்கே குற்றவாளியாக நிற்கவில்லை. நாழிகை காட்டும் முள்ளாகவே அது நிற்கின்றது. இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். மூலத்திடம் பின்னர் மீளுவோம்.

3

எண்ணிக்கையாற் பெயர் பெற்ற ஆறாமீன் எவ்வாறு ஆறு பெண்களாயிற்று? இம்மாற்றத்தின் படிகள் நூல்களிற் பதிவாகியுள்ளன.

சதபத பிராமணம், கார்த்திகை மீன்கள் கிழக்குத் திசையினின்று பிறழ்வதில்லை எனக் கூறுகின்றது. இது கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டு வானத்துக்குப் பொருந்தும் அவதானம் என்று சங்கர பாலகிருஷ்ண தீட்சிதர் வாதிட்டார். அதே பகுதி மற்றொரு செய்தியையும் தருகின்றது. வடக்கே எழும் ஏழு முனிவர் முற்காலத்திற் கரடிகள் எனப்பட்டனர் என்றும், கார்த்திகை மீன்கள் அவர்களது மனைவியர் என்றும், கணவர் வடக்கிலும் மனைவியர் கிழக்கிலும் எழுவதால் அவர்கள் கூடி வாழும் வாய்ப்பிழந்தனர் என்றும் அது கூறுகின்றது. கிரேக்கரும் அவ்வடமீன் கூட்டத்தைக் கரடியென்றே அழைத்தனர். இங்கு தொன்மம் தன் மிக எளிய வடிவிலுள்ளது. இரு மீன் கூட்டங்கள் வெவ்வேறு திசையில் எழுகின்றன என்னும் அவதானத்தைக் குடும்ப மொழியிற் சொல்வதே அதன் வேலை. பிரிவுண்டு, பழியில்லை.

மகாபாரதத்தின் வனபர்வத்தில் இக்கதை வேறோர் உருவங் கொள்கின்றது. அக்கினியை விரும்பிய சுவாகை, ஏழு முனிவர் மனைவியருள் அறுவரின் வடிவை அடுத்தடுத்து எடுக்கிறாள். ஏழாமவளாகிய அருந்ததியின் வடிவை மாத்திரம் அவளால் எடுக்க இயலவில்லை. பிறந்த கந்தன் அம்முனிவர் மனைவியரின் மகன் எனப் பேச்செழ, அறுவரும் கணவராற் றுறக்கப்படுகின்றனர். குற்றமற்ற அறுவர் மகனிடம் வந்து முறையிட்டு விண்ணில் இடம் பெறுகின்றனர். சதபத பிராமணத்திற் றிசை வேறுபாடாயிருந்தது, இங்கே கற்பின் மீதான ஐயமாக மாறியுள்ளது. வாரிசு எவருடையது என்னும் வினா உடைமையுள்ள சமுதாயத்தின் வினாவாகும். அவ்வினா எழுந்த பின்னரே வானத்துப் பெண்களும் விசாரணைக்குள்ளாகின்றனர்.

பரிபாடலின் ஐந்தாம் பாடல் இதே கதையைத் தமிழிற் கூறுகின்றது. அதிலும் அருந்ததி விலக்கப்படுகிறாள். எனினும் ஏனைய அறுவரும் நிறை வழுவாமலே சூலுற்றனர் எனப் புலவர் சொல்ல வேண்டியிருக்கின்றது. பழியை மறுக்க வேண்டிய தேவையே பழி நிலவியமைக்குச் சான்று. பிற்காலத்துக் கச்சியப்பரின் கந்தபுராணத்தில் அறுவரும் சரவணப் பொய்கைக் குழந்தைக்குப் பாலூட்டும் செவிலியராக மாத்திரம் அமைகின்றனர். ஐயமும் விலக்கும் கதையினின்று அகற்றப்படுகின்றன. யாழ்ப்பாணத்துக் கோயில்களிற் புராண படனத்தின் மூலம் பரவியதும், பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை கந்தபுராண கலாசாரம் எனப் போற்றியதும் இவ்வடிவமே. ஜிந்துப்பிட்டியில் முருகனை வணங்கும் அடியார் அறிந்ததும் இதுவே. துறக்கப்பட்ட பெண்களின் கதை தாய்ப்பாலின் கதையாக மென்மையடைந்தமை மக்கள் உணர்வின் வெற்றியென்று ஒருபுறம் கொள்ளலாம். மறுபுறம், அவர்கள் ஏன் துறக்கப்பட்டனர் என்னும் வினாவையும் அம்மென்மை மறைத்துவிட்டது.

4

அறுவர் விலக்கப்பட, எஞ்சியவள் அருந்ததி. ஏழு முனிவர் கூட்டத்தில் வசிட்டர் எனப்படும் மீனருகே மங்கலாகத் தெரியும் சிறு மீன் அவள். கார்த்திகைப் பெண்கள் கணவரைப் பிரிந்து தொலைவில் நிற்க, அருந்ததி கணவரருகே நிற்கிறாள். வானத்தின் இவ்விரு இடங்களும் மனைவிக்குரிய தண்டனையும் பரிசுமாக வாசிக்கப்பட்டன. புறநானூற்று 122ஆம் செய்யுளிற் கபிலர் மலையமானின் மனைவியது கற்புக்கு வடமீனை உவமையாக்குகின்றார். எனவே சங்க காலத்திலேயே தலைவர் குடும்பங்களில் இவ்வுவமை வழங்கியதெனலாம்.

ஆனால் அதே சங்கத் தொகைகள் மற்றொரு வகைத் திருமணத்தையும் காட்டுகின்றன. அகநானூற்றின் 86ஆம், 136ஆம் பாடல்கள் இவ்வகையில் முதன்மையானவை. இரண்டிலும் திங்கள் நல்ல மீனோடு கூடிய நாள் மணநாளாகின்றது. 136ஆம் பாடல் அம்மீனைச் சகடம், அதாவது வண்டி, எனக் குறிக்கின்றது. அது உரோகிணி. உரோகிணியைச் சூழ்ந்த மீன்கள் வண்டியின் வடிவிற் காட்சியளித்தமையால் உழைக்கும் மக்கள் தமது கருவியொன்றின் பெயரை அதற்கு இட்டனர். 86ஆம் பாடலில் மகனைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். பந்தல், புதுமணல், விளக்கு, சுற்றத்தார்க்கு உணவு ஆகியன உள. புரோகிதர் இல்லை, தீவலமும் இல்லை. நாளைத் தெரிந்தெடுப்பதற்கு மீன் பயன்படுகின்றது. பெண்ணைத் தெரிந்தெடுப்பதற்கு அது பயன்படவில்லை.

சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகி திருமணமும் திங்கள் உரோகிணியைச் சேர்ந்த நாளிலேயே நிகழ்கின்றது. வானம் மாறவில்லை, மண்ணிற் காட்சி மாறிவிட்டது. புகாரின் பெருவணிகர் இருவரின் செல்வம் அங்கே இணைகின்றது. யானை மீது மகளிரை ஏற்றி நகரெங்கும் மணச்செய்தி அறிவிக்கப்படுகின்றது. முது பார்ப்பான் மறைவழி காட்ட, மணமக்கள் தீயை வலம் வருகின்றனர். மணமகள் அருந்ததியோடு ஒப்பிடப்படுகிறாள். நீராட்டி வாழ்த்திய தாய்மாரின் இடத்தைப் புரோகிதர் பெற்றுவிட்டார். குலத்தின் கூட்டு நிகழ்ச்சி உடைமைக் குடும்பத்தின் ஒப்பந்தமாயிற்று. ஒரே மீன் இரு சமுதாய அமைப்புகளுக்குச் சாட்சியாக நிற்பதை இவ்விரு சான்றுகளும் காட்டுகின்றன.

அருந்ததி காட்டும் சடங்கை வகுத்த கிருகிய சூத்திரங்கள், இரவில் மீன்கள் தோன்றிய பின்னரே துருவனையும் அருந்ததியையும் மணமகளுக்குக் காட்டுமாறு விதித்தன. அவதானம் அச்சடங்கின் பகுதியாயிருந்தது. இன்று கொழும்பு மண்டபங்களிற் பகற்பொழுதிலேயே அச்சடங்கு நடைபெறுகின்றது. மணமகன் சுட்டும் திசையிற் கூரையும் மின்விளக்குமே உள. அதனால் எவரும் குறைபட்டுக்கொள்வதில்லை. மீனைக் காண்பது நோக்கமன்று, மீன் கற்பிக்கும் ஒழுக்கத்தை ஏற்பதே நோக்கம் என்பதை இது வெளிப்படையாக்குகின்றது. கொழும்பிலிருந்து நோக்குவோர்க்குத் துருவமீன் அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ ஏழு பாகையிலேயே நிற்கும். இரவிலேனும் கட்டடங்களுக்கு மேலாக அதனைக் காண்பது அரிது.

5

குடும்பத்தோடு சாதியும் வானிற் பதிவாகியுள்ளது. மனு நூலின் ஒன்பதாம் அத்தியாயம், தாழ்ந்த பிறப்பினளாகிய அட்சமாலை வசிட்டரை மணந்தமையாற் சிறப்பெய்தினாள் என்கின்றது. அட்சமாலையும் அருந்ததியும் ஒருத்தியே என மரபு கொள்கின்றது. கணவனின் உயர்வே மனைவியின் உயர்வு என்பதற்கு மனு அவளை எடுத்துக்காட்டாக்குகின்றார். ஆனால் ஒடுக்கப்பட்ட மக்கள் அதே பெயரை வேறு நோக்கிற் கையாண்டனர். தமிழ்நாட்டின் அருந்ததியர் சமூகத்தினர் அம்மீனின் பெயரால் அழைக்கப்படுகின்றனர். 2009இல் அம்மாநிலம் அவர்களுக்கு 3 வீத உள் ஒதுக்கீட்டைச் சட்டமாக்கியபோது, அப்பெயர் கற்பின் அடையாளமாக அன்றி உரிமைக் கோரிக்கையின் அடையாளமாகவே சட்டநூலில் இடம்பெற்றது.

தென்வானத்தின் கதை திரிசங்குவினுடையது. உடலோடு விண்ணுலகு செல்ல விரும்பிய அம்மன்னனுக்கு வசிட்டர் துணைபுரிய மறுக்க, வசிட்டரின் மைந்தர் அவனைச் சண்டாளனாகுமாறு சபிக்கின்றனர். விசுவாமித்திரர் வேள்வி செய்து அவனை மேலேற்றுகின்றார். இந்திரன் அவனைத் தலைகீழாக வீழ்த்துகின்றான். இடைவழியில் அவனை நிறுத்திய விசுவாமித்திரர், தெற்கே வேறு ஏழு முனிவரையும் வேறு மீன்களையும் படைக்கின்றார் என்று வான்மீகி இராமாயணத்தின் பாலகாண்டம் கூறும். இழிகுலத்தானெனச் சபிக்கப்பட்டவனுக்கு விண்ணுலகினுள் இடமில்லை. வாசலில் தலைகீழாகத் தொங்குவதற்கே அனுமதியுண்டு. மறுக்கப்பட்டவர் தமக்கென வேறு வானமொன்றைக் கோரிய நினைவும் இக்கதையில் எஞ்சியுள்ளது.

திரிசங்குவாகப் பலராற் கொள்ளப்படும் மீன்கள் ஐரோப்பியருக்குத் தென்சிலுவை. தொலமியின் காலத்தில் அவை அலெக்சாந்திரியாவிலிருந்து காணக்கூடியனவாயிருந்தன. அவர் வகுத்த 48 மீன் உருவங்களுள் அவை குதிரைமனிதனின் பகுதியாக அடங்கின. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் அவை பின்னர் ஐரோப்பியர் பார்வையினின்று மறைந்தன. போர்த்துக்கேயக் கப்பலில் இந்தியாவுக்கு வந்த அந்திரேயா கொர்சாலி எழுதி 1516இல் அச்சாகிய கடிதம் அவற்றை வியத்தகு சிலுவையாக வருணித்தது. அதே போர்த்துக்கேயர் கொழும்பில் கோட்டை கட்டிய காலமும் அதுவே. நிலத்துக்கு உரிமை கோரியவர் வானத்துக்கும் தமது பெயரை இட்டனர். சித்திரை, வைகாசி மாதங்களின் முன்னிரவிற் கொழும்புக்குத் தெற்கே, அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ இருபத்துமூன்று பாகை உயரத்தில் அம்மீன்கள் நிற்கின்றன. துறைமுகத் தொழிலாளி தலைநிமிர்ந்து நோக்கிய அதே நான்கு புள்ளிகளைப் புராணிகர் சபிக்கப்பட்டவனாகவும், மாலுமி சிலுவையாகவும் கண்டனர். 1922இல் உருவங்கள் 88 எனச் சர்வதேச வானியல் ஒன்றியம் வரையறுத்தபோது சிலுவையே நிலைத்தது. எவரது பெயர் நிலைக்கும் என்பதும் அதிகாரத்தின் வினாவே.

6

இனி மூலத்துக்கு மீளுவோம். திங்கள் விண்மீன்களிடையே ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 27.3 நாட்கள் செல்கின்றன. அதனால் வான்வழி 27 பகுதிகளாக வகுக்கப்பட்டது. ஒவ்வொன்றும் 13 பாகை 20 கலை. அனுடம், கேட்டை, மூலம் ஆகியன தேள் உருவின் தலைப்புறத்தையும் நெஞ்சையும் வாலையும் சார்ந்தவை. ஆனி, ஆடி இரவுகளில் இலங்கை வானில் இத்தேளினும் எழிலுடைய உருவம் வேறில்லை.

இவ்வெழில் மீன்கள் கலியாணச் சந்தையில் எவ்வாறு மதிக்கப்படுகின்றன? மூலத்திற் பிறந்த பெண் மாமனுக்கும், ஆயிலியத்திற் பிறந்தவள் மாமிக்கும், கேட்டையிற் பிறந்தவள் கணவனின் தமையனுக்கும், விசாகத்திற் பிறந்தவள் கணவனின் தம்பிக்கும் ஆகாதவள் என்பது வழக்கு. ஆண்மூலம் அரசாளும், பெண்மூலம் நிர்மூலம் என்பது பழமொழி. அனுமனின் பிறப்பு மூலத்திலென்பர். நவராத்திரியில் கலைமகளை ஆவாகனம் செய்வதும் மூலத்திலேயே. ஆணுக்கும் தெய்வத்துக்கும் நன்மையான அதே மீன் மணமகளுக்கு மாத்திரம் பழியாகின்றது.

இப்பட்டியலைச் சற்று ஊன்றி நோக்குமிடத்து அதன் உண்மையான பொருள் புலனாகும். மாமன், மாமி, தமையன், தம்பி ஆகிய நால்வரும் பிரிக்கப்படாத சொத்துள்ள தந்தைவழிக் கூட்டுக்குடும்பத்தின் உறுப்பினர். புதிதாக வருபவளால் அச்சொத்து பிளவுறுமோ என்னும் அச்சமே நான்கு மீன்களாகப் பங்கிடப்பட்டுள்ளது. வந்தவளுக்கு அவர்களால் விளையக்கூடிய தீங்கைக் கூறும் மீன் ஒன்றேனும் இல்லை. பழைய நூல்களிலும் மூலத்துக்கு ஒரே மதிப்பு இருந்ததில்லை. அதர்வவேதம் தேள்வாலின் இரு மீன்களை நோயினின்று விடுவிப்பவையாகப் போற்றுகின்றது. அவ்வேதத்திலேயே அம்மீனிற் பிறந்த குழந்தைக்குக் காப்பு வேண்டும் மந்திரமும் உண்டு. நன்மையும் தீமையும் கலந்த அத்தொன்மையான அச்சத்தினின்று, மருமகளுக்கு எதிரான விதி பிற்காலத்திற் பிரித்தெடுக்கப்பட்டது.

ஈழத்து நிலைமை இதனை மேலும் தெளிவாக்குகின்றது. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை, முதுசொம், சீதனம், தேடிய தேட்டம் எனச் சொத்தை வகுத்தது. சீதனம் தாய்வழியே மகளிருக்குச் சென்றது. யாழ்ப்பாணத்தில் மணமகன் சீதன வீட்டிற்குச் சென்று வாழ்தலும் பெருவழக்கு. அவ்வாறாயின் மாமனோடும் தமையனோடும் ஒரே கூரையின்கீழ் வாழாத பெண்ணுக்கு அந்நால்வரின் மீன்களால் என்ன? வேறொரு குடும்ப அமைப்பிற் றோன்றிய விதி, அவ்வமைப்பு இல்லாதவிடத்தும் செல்லுபடியாகின்றது. வெள்ளவத்தையின் மாடிவீட்டில் தனித்து வாழப்போகும் இணையருக்கும், புலம்பெயர்ந்த நாடுகளில் உள்ளோருக்கும் அதுவே விதிக்கப்படுகின்றது. கருத்தியல் தன் பொருளாதார அடிப்படை மறைந்த பின்னரும் வாழவல்லது. அதற்கு ஒரு புதிய பயன் கிடைத்தாற் போதும். இங்கே அப்பயன் சீதனப் பேரம். குறைபாடுள்ள மீனிற் பிறந்தவளெனக் கூறப்படுபவளின் பெற்றோரிடம் கூடுதலாகக் கேட்கலாம். கேட்க மனமில்லாதவிடத்து, சாதகம் பொருந்தவில்லை என ஒரு சொல்லால் விலகிவிடலாம்.

கணக்கைப் பார்ப்போம். இருபத்தேழில் நான்கு மீன்கள் எனின், பிறக்கும் பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழப் பதினைவர். பாத விதிவிலக்குகளைச் சோதிடர் கூறுவர், எனினும் ஊரார் வாயில் மீனின் பெயரே நிற்கும். இதனோடு செவ்வாய்க் குற்றமும் சேருமாயின் தொகை மேலும் பெருகும். மேலும், ஈழத்தில் வாக்கியம், திருக்கணிதம் என இரு பஞ்சாங்கங்கள் வழக்கிலுள்ளன. கணிதமுறை வேறானபடியால் ஒரு மீன் தொடங்கும் நேரத்தில் இரண்டும் சில மணி நேரம் வேறுபடுவதுண்டு. அவ்விடைவெளியிற் பிறந்தவள் ஒரு பஞ்சாங்கத்தின்படி மூலம், மற்றொன்றின்படி கேட்டை அல்லது பூராடம். மாமனுக்கு ஆகாதவள் அடுத்த பக்கத்திற் றமையனுக்கு ஆகாதவளாகிறாள், அல்லது எக்குற்றமும் இல்லாதவளாகிறாள். வானத்தில் எதுவும் மாறவில்லை.

மீனோடு உள்ள தொடர்பும் பெயரளவானதே. மூலம் எனப்படுவது வான்வழியின் ஒரு பகுதி. அதற்குப் பெயர் தந்த தேள்வால் மீன்களோ திங்களின் பாதையினின்று பல பாகை தெற்கே விலகியவை. திருவாதிரை மீனும் அவ்வாறே ஏறத்தாழ 16 பாகை விலகியது. திங்கள் அவற்றை ஒருபோதும் அணுகுவதில்லை.

சாதகம் தொன்மையான மக்கள் வழக்கு என்னும் கூற்றையும் ஏற்பதற்கில்லை. பிறந்த நேரத்தைக் குறித்து ஓலையில் எழுதுவிக்க எழுத்தறிவும் வசதியும் வேண்டும். அது நீண்டகாலம் உடைமையுள்ளோர் வழக்காகவே இருந்திருத்தல் வேண்டும். மருத்துவமனைப் பிறப்பும் சுவர்க்கடிகாரமும் பரவிய பின்னரே துறைமுகத் தொழிலாளியின் மகளுக்கும் நிமிடக் கணக்கிற் பிறந்தநேரம் கிடைத்தது. அறிவியல் தந்த கருவியைக் கொண்டே பழைய விதி தன் எல்லையை விரித்துக்கொண்டது. இன்று நாளிதழ்களின் மணமகள் தேவை விளம்பரங்களில் வயதுக்கும் தொழிலுக்கும் அருகே நட்சத்திரமும் கிரகபாவமும் இடம்பெறுகின்றன. கணினியிற் பொருத்தம் பார்ப்பதும் வழமையாகிவிட்டது.

7

மேற்கூறியவற்றால் விண்மீன் தொன்மங்கள் யாவும் ஆளும் வகுப்பாரின் சூழ்ச்சி என்னும் எளிய முடிவுக்கு வருதல் தவறாகும். டி. டி. கோசாம்பி தமது 'தொன்மமும் உண்மையும்' என்னும் நூலிற் காட்டியவாறு, ஒரு தொன்மத்தின் அடுக்குகளைப் பிரித்தறிவதே ஆய்வாளனின் கடமை. ஆறாமீனின் அடியடுக்கில் எண்ணிக்கையும் பருவமும் உள. உரோகிணியின் அடியடுக்கில் வண்டியும், மூலத்தின் அடியடுக்கில் நாழிகையும் உள. கார்த்திகை விளக்கீடும் இத்தகையதே. திங்கள் அறுமீனோடு கூடும் முழுநிலா இரவில் விளக்கேற்றும் வழக்கை அகநானூற்று 141ஆம் பாடல் கூறுகின்றது. வாசலில் விளக்கு வைப்போருக்குச் சோதிடர் வேண்டியதில்லை. அது எவரது குற்றத்தையும் நாடாத விழா. ஜிந்துப்பிட்டியின் ஒடுங்கிய வீட்டு வாசல்களிலும் வைக்கப்படும் அவ்விளக்கு, குடும்பச் சட்டமாக மாறாது எஞ்சிய பழைய நாட்காட்டியின் ஒரு பக்கமாகும்.

வானத்தை நேரிற் பார்த்தோர் தொகை குறையக் குறைய, வானத்தின் பெயரால் விதிப்போர் அதிகாரம் வளர்ந்துள்ளது. துறைமுக மின்னொளியில் ஆறாமீன் கொழும்பிலிருந்து மங்கித் தெரிகின்றது. மூலத்திற் பிறந்ததாகப் பழிக்கப்படும் பெண்ணும், அவளைப் பழிப்போரும், மூலம் என்னும் மீனைக் கண்டிருப்பது அரிது. ஆகவே வானியலைப் பள்ளியிற் பாடமாக்குவதோடு எமது கடமை முடிவதில்லை. கிரகணத்தின் காரணத்தை அறிந்த பட்டதாரியும் மகனுக்குச் சாதகம் பார்க்கின்றார். அவருக்கு வேண்டியது வானம் பற்றிய தகவலன்று. அவரது வீட்டில் அவ்விதியால் எவர் பயனடைகின்றனர் என்னும் கேள்வியே அவர்முன் வைக்கப்படல் வேண்டும். சீதனம் கொடுக்கும் கட்டாயமும், திருமணமின்றி வாழும் பெண்ணுக்கு மதிப்பின்மையும், அவளது உழைப்புக்கு உரிய ஊதியமின்மையும் நீடிக்கும் வரை நான்கு மீன்களும் தமது தொழிலைச் செய்துகொண்டே இருக்கும். அப்போராட்டம் நடைபெற வேண்டிய இடம் வானமன்று. எனினும் துறக்கப்பட்ட ஆறு பெண்களின் கதையை முழுமையாக மீட்டுக் கூறுவது அதற்கு இலக்கிய ஆய்வாளர் வழங்கக்கூடிய பங்களிப்பாகும்.